எண்பத்திரண்டு கிலோ

மார்ச் 2

அக்கா,

இது மன்னிப்புக் கடிதம் இல்லை. அப்படி நினைத்துப் பிரித்திருந்தால் மறுபடி ஒட்டி வைத்துவிடு.

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். மாமாவின் போனில் கூப்பிட்டால் ஆறு நாளாக ஒரே பதில்: "அவ கிளினிக்ல இருக்காப்பா." ஞாயிற்றுக்கிழமையுமா கிளினிக்? உன் கணவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. கணக்கு வாத்தியார், போகட்டும். வேறு வழியில்லாமல் பார்சலுக்குள் காகிதம் வைத்து அனுப்புகிறேன்.

பார்சலில் இருப்பது டயர் தெர்மாமீட்டர். முனையில் ஊசி இருக்கும், ஜாக்கிரதை. ஓட்டி முடித்து கார் நின்ற உடனே ரப்பருக்குள் இரண்டு மில்லிமீட்டர் குத்திப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து சிவப்பு வெளிச்சம் அடித்துப் பார்க்கிற ஜாதி எனக்கு வேண்டாம். அது சட்டை மேல் கை வைத்துக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

நடந்ததை ஒருமுறை எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் நீ வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாய். பிப்ரவரி 24, பயிற்சி நாள். மூன்று வாரம் ஷெட்டில் உட்கார்ந்து நான் சஸ்பென்ஷன் செட் பண்ணிய பிறகு, கார் முதல்முறையாக டிராக்கில் இறங்கியது. நாலு சுற்று அற்புதமாக ஓட்டினாய். ஐந்தாவது சுற்றில், ஏழாவது வளைவின் நடுவில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாய். எடுத்தாய்! கார் வாலைச் சுழற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய் டயர் சுவரில் உட்கார்ந்தது. பம்பர் இரண்டு துண்டு. உன்னை இறக்கிக் கூட்டிவந்தார்கள். நான் "ஓட்டத் தெரியாதவங்களுக்கு எதுக்கு இந்தக் கார்" என்று கத்தினேன். இருபது பேர் முன்னால் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பு என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

மறுநாள் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன். லிஃப்ட் செய்கிற கம்பெனியின் சோதனைக் கோபுரம், மூன்று மாத வேலை. லிஃப்ட்டில் இரும்புக் கட்டிகளை ஏற்றி, மேலே கொண்டுபோய், கீழே இருக்கிற ஸ்பிரிங் மேல் விட்டு, எவ்வளவு குதிக்கிறது என்று அளப்பேன். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை. ஒரு தடவைகூட லிஃப்ட் என்னைத் திட்டவில்லை.

ஏப்ரல் 20 தேர்வு. இருபத்திரண்டு கார் வரும், ஆறு பேருக்குத்தான் இந்த வருடப் போட்டியில் இடம். போன வருடம் வினாடியில் பத்தில் மூன்று பங்கு வித்தியாசத்தில் இடம் தவறி ஏழாவதாக நின்றாய். முப்பத்தைந்து வயதானால் புதியவர்கள் பிரிவில் பெயர் எழுதமாட்டார்கள். ஆகஸ்டில் உனக்கு முப்பத்தைந்து. அதாவது இதுதான் கடைசி. உன் கோபத்துக்கு ஏழு வாரம் ஒதுக்க முடியாது. ஒரு வாரம் தருகிறேன். அது முடிந்ததும் ஓட்டி, டயர் சூட்டை அளந்து எழுது.

தம்பி


மார்ச் 7

டேய் ஸ்பேனர்,

பார்சல் கிளினிக்குக்கு வந்துச்சு. நாற்காலியில ஒருத்தர் கடைவாய்ப் பல்லைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். உன் ஊசித் தெர்மாமீட்டரை வெளியில எடுத்தேன். பட்டுனு வாயை மூடிட்டார். அப்புறம் திறக்கவைக்க கால் மணி நேரம் கெஞ்சினேன்.

இனிமே இதுதான் சட்டம். போன் கிடையாது, மெசேஜ் கிடையாது. போன்ல நான் ஒரு வரி ஆரம்பிக்கறதுக்குள்ள நீ ஒன்பது வரி முடிச்சிருப்பே. மெசேஜ்ல உனக்கு "சரி", "தப்பு"ன்னு ரெண்டே வார்த்தைதான் தெரியும். காகிதம்னா உட்காரணும், யோசிக்கணும், அடிச்சுத் திருத்தணும். நீ அடிச்சது எல்லாம் எனக்குத் தெரியுது. "ஓட்டத் தெரியாதவங்களுக்கு"ன்னு எழுதறதுக்கு முன்னாடி வேற என்னமோ எழுதி நாலு கோடு போட்டிருக்கே. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன், படிக்க முடியலை.

காலை எடுத்தேன், எடுத்தேன்னு குதிக்கிறியே, ஏன்னு கேட்டியா? வளைவுல மஞ்சள் கொடி காட்டினாங்க. முன்னாடி போன நீலக் கார் புல்லுக்குள்ள போய்த் திரும்பி நின்னுக்கிட்டிருந்துச்சு. கொடி பார்த்தா வேகத்தைக் குறைக்கணும், அது விதி. நீ வீட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி ஓட்டறியே, அந்த டிராக்குல கொடி கிடையாது. சுவர்ல மோதினா ஒரு பட்டனை அமுக்கி மறுபடி ஆரம்பிச்சுக்கலாம். எனக்கு அந்தப் பட்டனை யாரும் மாட்டித் தரலைடா. தோள்ல பெல்ட் அழுத்தின இடம் இன்னும் கத்தரிக்காய் கலர்ல இருக்கு.

இன்னொண்ணு. காத்து 32-ன்னு சீட்டுல நீதான் எழுதிக் கொடுத்தே. காலையில நானே பம்பை மிதிச்சு நாலு டயருக்கும் 32 அடிச்சேன். சீட்டு என்கிட்ட இருக்கு. கிழிக்கலை.

ஒரே கேள்வி கேட்கறேன். சுத்தி வளைக்காம பதில் சொல்லு. வளைவுல காலை எடுத்தா இந்தக் கார் சுழலும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?

பதில் வர்றவரைக்கும் உன் செட்டிங்குல உட்காரமாட்டேன். அலைன்மென்ட் அண்ணன்கிட்ட காரை விட்டு, கம்பெனியில இருந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே மாத்திடுங்கன்னு சொல்லப்போறேன். நாலு வினாடி மெதுவாப் போகும். போகட்டும். என் பல்லு என் வாயில இருக்கும்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

அலைன்மென்ட் அண்ணன் கையில் சாவி கொடுக்காதே! கம்பெனி செட்டிங் என்பது கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருபவர்களுக்கு. அதில் ஓட்டினால் இருபத்திரண்டில் இருபதாவதாக வருவாய், மீதி இரண்டு பேர் வழியில் நின்றுபோனதால்.

முதலில் 32. ரப்பர் சூடேறினால் உள்ளே காற்று விரியும். சூடான பிறகு 32 வர வேண்டும் என்றால் குளிர்ந்த டயரில் 26 தான் அடிக்க வேண்டும். நீ 32 அடித்ததால் ஐந்து சுற்றில் 38-க்குப் போயிருக்கும். டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டிருக்கும். என் சீட்டில் "சூடான பிறகு" என்று இல்லை. எழுதத் தேவையே இல்லாத விஷயம் என்று நினைத்தேன். இங்கே யாராவது அப்படி எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தைக் கசக்கி அவன் மேலேயே எறிவேன். கசக்கி என் மேலே எறிந்துகொண்டேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்தார்.

உன் கேள்வி. தெரியும்.

கோபுரத்தில் பன்னிரண்டாவது தளத்தில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்க யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். காலை எடுத்தால் வால் வரும் என்று தெரியும். காலை எடுக்காவிட்டால் வராது என்றும் தெரியும். அதனால் அதை ஒரு பிரச்சினையாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. கொடியைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஆனால் காற்று தப்பாக இருந்த காரை வைத்து செட்டிங் மொத்தமும் தப்பு என்று சொல்லவும் முடியாது. அளக்காமல் எதுவும் சொல்ல முடியாது. அளந்து கொடு, ஒத்துக்கொள்கிறேன்.

16-ந்தேதி பயிற்சி இருக்கிறது. 26 அடி. ஐந்து சுற்று ஓட்டு. ஏழாவது வளைவில் மட்டும் முன்கூட்டியே மெதுவாகப் போய்க்கொள், நான் கேட்கமாட்டேன். நேராக, டிராக் ஓரம் கார் நிறுத்துகிற 'பிட்'டுக்குள் வந்து நிறுத்து. ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம், மூன்று இடம். நாலு டயர், பன்னிரண்டு எண். ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறிப்போகும். மாமாவை எழுதச் சொல். உன் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும்.

அந்தப் பன்னிரண்டு எண்ணும் வந்தால் கார் என்ன செய்கிறது என்று நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். சத்தியமாக. கை பரபரக்கிறது. சீக்கிரம்.

தம்பி

தோளுக்கு ஒத்தடம் கொடுத்தாயா?


மார்ச் 17

ஸ்பேனர்,

கொடுத்தேன். இப்ப மஞ்சளாயிடுச்சு.

நேத்து ஓட்டினேன்! பம்பரை அலைன்மென்ட் அண்ணன் டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார், அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி. 26 அடிச்சு, அஞ்சு சுத்து. உள்ளே வந்து நிறுத்தினதும் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம ஊசியை எடுத்துக்கிட்டு ஓடினேன். அண்ணன் பார்த்துட்டு, "என்ன டாக்டரம்மா, குத்திக் குத்திப் பார்க்கறீங்க? வெந்துச்சா, இன்னும் ஒரு கொதி விடணுமா?"ங்கறார். சிரிச்சுக்கிட்டே குத்தினதுல ரெண்டு எண்ணை உன் மாமா மாத்தி எழுதிட்டார், அப்புறம் சரிபண்ணோம். குத்தி முடிக்க ஐம்பத்திரண்டு வினாடி.

பன்னிரண்டையும் தனித்தாள்ல வச்சிருக்கேன். உனக்காகச் சுருக்கமா: முன் இடது 83, 81, 77. பின் இடது 96, 95, 90. வலது பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் கம்மி. நீ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்றேன், கேளு. பின் டயர் முன் டயரைவிடப் பதிமூணு, பதினாலு டிகிரி அதிகமாக் கொதிக்குது. ஏன் கொதிக்குது? வழுக்கிக்கிட்டே போகுது, அதான். நான் காலை எடுத்தாலும் எடுக்காட்டாலும் எல்லா வளைவுலயும் வழுக்குது. நான் சுவர்ல போய் உட்கார்ந்தன்னிக்கு மட்டும் இல்லைன்னு அர்த்தம்.

அப்புறம் பின் டயரைத் தடவிப் பார்த்தேன். கிளினிக்குக்கு வர்ற ஆள் "நான் பல்லைக் கடிக்கறதே இல்லை டாக்டர்"னு சத்தியம் பண்ணுவார். பல்லைத் தடவினா தேய்மானம் வேற சொல்லும். அதே மாதிரிதான். உள்ளேயிருந்து வெளியே தடவினா வழவழன்னு போகுது. வெளியேயிருந்து உள்ளே தடவினா ரம்பம். அப்போ சக்கரம் நேரா உருளலை, பக்கவாட்டுல தேய்ச்சுக்கிட்டே உருளுதுன்னு தோணிச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து, உன் ஸ்டாண்டுகளை எடுத்து, கார் ரெண்டு பக்கமும் தூண்டில் நரம்பைக் கட்டினோம். உன் மாமா ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு, "கல்யாணத்துல தாலிக் கயிறைக்கூட நான் இவ்வளவு நேரம் பிடிக்கலையே"ங்கறார். ஸ்கேல் வச்சு அளந்தேன். பின் சக்கரம் ரெண்டுமே மூக்கை வெளிப்பக்கம் திருப்பிக்கிட்டு நிக்குது, ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர். நீ வேணும்னேதான் அப்படி வச்சிருக்கே, ஷெட்டுல நீ விட்டுட்டுப் போன நோட்டுல இருக்கு. பின் சக்கரம் ரெண்டையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் கம்பியும் அஞ்சு துளையில அஞ்சாவதுல, இருக்கிறதுலயே கெட்டியான துளையில.

நோட்டைப் பத்திச் சொன்னேன்ல. இதுதான் முக்கியமான விஷயம்.

நாலு சக்கரத்துக்கும் கீழே தராசு வச்சு எடை போட்டு எழுதியிருக்கே. முன் இடது 281, முன் வலது 288, பின் இடது 283, பின் வலது 290. குறுக்கே கூட்டினா 571, 571. பக்கத்துல மூணு ஆச்சரியக்குறி. அழகாத்தான் இருக்கு. உன் மாமா சும்மா இருக்காம நாலையும் கூட்டினார். 1142. முதல் பக்கத்துல ஆள் இல்லாத கார் 1060-ன்னு நீயே எழுதியிருக்கே. கழிச்சா 82.

நான் 54 கிலோ.

டிரைவர் சீட்டும் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்குக் காலையில நான் ஏறினப்போ பின்னாடி கடைசிப் பல்லுக்குத் தள்ளியிருந்துச்சு, கிளட்ச் எனக்கு எட்டலை. யாரோ நகர்த்தியிருக்காங்கன்னு முன்னாடி இழுத்துக்கிட்டேன்.

யாருடா அந்த 82 கிலோ?

அக்கா


மார்ச் 22

அக்கா,

நான்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு இரண்டு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதோடு அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நீ காகிதத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறாய், மீதியையும் எழுதுகிறேன்.

இங்கே லிஃப்ட்டில் ஒரு ஆள் என்றால் 68 கிலோ. எட்டுப் பேர் என்று உள்ளே பலகையில் இருந்தால் 544 கிலோ இரும்பு ஏற்றுவோம். 68 கிலோ உள்ள ஒருத்தரையும் இங்கே நான் பார்த்ததில்லை. சமையற்காரர் மட்டுமே இரண்டு பேர் கணக்கு. ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அது யாருடைய எடையும் இல்லை, அதனால் எல்லாருக்கும் பொது. நான் உன் காரில் போட்ட எண் பொது எண் இல்லை.

உனக்காக 54 கிலோவுக்கு மணல் மூட்டை கட்டியிருந்தேன். அது பொய் இல்லை, ஷெட்டில் கதவுக்குப் பின்னால் இருக்கும், பார். சீட் பக்கம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். கீழே வைத்தேன். நானே ஏறி உட்கார்ந்தேன். கையிலிருக்கும் திரையில் தராசின் எண்களைப் படிப்பேன், இறங்குவேன், ஸ்பிரிங் வளையத்தைத் திருகுவேன், மறுபடி ஏறுவேன். பதினேழு தடவை. மூட்டையைப் போட்டிருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். 571, 571 என்று வந்ததும் நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று எழுதமாட்டேன்.

பத்தொன்பது வயதில் ரேஸ் லைசென்ஸுக்குப் போனோமே. வலது கண்ணை மூடச் சொல்லி எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். இடது கண்ணுக்கு அந்தப் பலகையே தெரியவில்லை. "தம்பி, ரோட்டுல ஓட்டு, டிராக்கு வேணாம்" என்று டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு நான் ஸ்பேனர் எடுத்துக்கொண்டேன்.

இப்போது பொறியியல். 28 கிலோ வித்தியாசம் ஒரு காரைச் சுழற்றாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், குறுக்கு எடையில் கால் சதவீதம்கூட மாறாது. உன் கண்டுபிடிப்பு காரணம் இல்லை, தடயம். காரணம் பின் கம்பியும் வெளியே பார்க்கிற பின் சக்கரங்களும். அப்படி வைத்தால் கார் கத்தி மாதிரி திரும்பும், காலை எடுக்கவே எடுக்காத ஆளுக்கு. அப்படி ஒரு ஆள் இருக்கிறான். 82 கிலோ. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவான். அவனுக்காக ஒரு கார் செய்தேன். அதில் உன்னை ஏற்றினேன். சுழன்றதும் உனக்கு ஓட்டத் தெரியாது என்று கத்தினேன்.

இது மன்னிப்புக் கடிதம்.

வேலைக்கு வருவோம், நாலு வாரம்தான் இருக்கிறது. கம்பியை இரண்டாவது துளைக்கு இறக்கு. பின் சக்கரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கட்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே. சீட்டை உன் காலுக்கு வைத்துப் பூட்டிவிடு. மூட்டை வேண்டாம், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நீயே உட்கார். அண்ணன் திருகட்டும், மாமா எண் படிக்கட்டும். மொத்தம் 1114 வர வேண்டும். குறுக்கே 557, 557. ஷாக் அப்சார்பரைத் தொடாதே. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

தம்பி


மார்ச் 31

டேய்,

மூட்டையைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னாடி இருந்துச்சு. மேல என் பேரை மார்க்கர்ல எழுதியிருக்கே. அதைப் பத்தி இப்ப எழுத வரலை. வேலையை எழுதறேன்.

557, 557 வர்றதுக்கு மூணு மணி நேரம்! ஹெல்மெட்டோட ஷெட்டுக்குள்ள உட்கார்ந்திருந்தேன், மூக்கு அரிச்சா சொறியக்கூடாது. "அசையாதே, அசையாதே, 556 ஆயிடுச்சு"ன்னு உன் மாமா. நான் மூச்சு விட்டா எடை மாறும்னு நினைக்கிறார் மனுஷன். "நீங்க பல்லு பிடுங்கும்போது எங்களை இப்படித்தானே உட்காரவைக்கறீங்க, இப்ப தெரியுதா"ன்னு அண்ணன் காருக்கு அடியில படுத்துக்கிட்டே சொன்னார். அவருக்குப் போன வருஷம் கடைவாய்ப் பல்லை எடுத்தேன், இன்னும் மறக்கலை.

நேத்து டிராக். மூணாவது சுத்துல ஏழாவது வளைவு நடுவுல வேணும்னே காலை எடுத்தேன்.

ஆமாம், வேணும்னேதான். பின்னாடி யாரும் இல்லைன்னு கண்ணாடியில பார்த்துக்கிட்டு எடுத்தேன். கார் மூக்கை மட்டும் லேசா உள்ளே இழுத்துக்கிட்டு அப்படியே போச்சுடா! சுழலலை, உதறலை. ஹெல்மெட்டுக்குள்ள கத்தினேன். அடுத்த சுத்துல இன்னும் வேகமாப் போய் மறுபடி எடுத்தேன். அப்பவும் ஒண்ணும் இல்லை. எத்தனை வாரமா அந்த வளைவு கனவுல வந்துச்சு தெரியுமா? உன்கிட்டயும் சொல்லலை, உன் மாமாகிட்டயும் சொல்லலை.

முன் டயர் 88, பின் டயர் 86. சமமா வெந்துச்சு.

நேரம் 2 நிமிஷம் 5.6. போன வருஷம் ஆறாவது ஆள் 2 நிமிஷம் 4.1. இன்னும் ஒன்றரை வினாடி வேணும்.

இப்ப நான் ஒண்ணு சொல்லப்போறேன், நாற்காலியைப் பிடிச்சுக்கோ. கார் ரொம்ப சமர்த்தாயிடுச்சு. நாலாவது வளைவுல திருப்பினா முன்பக்கம் "இதோ வர்றேன், வர்றேன்"னு சொல்லிக்கிட்டே நேராப் போகுது. வாலை ஒரு துளி, ஒரே ஒரு துளி விட்டா நல்லா இருக்கும்னு தோணுது. கம்பியை மூணாவது துளைக்கு மாத்தலாமா? உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

இரண்டு பக்கம் எழுதினேன். கம்பியின் கெட்டித்தனம், பின் டயர் சூடு, எல்லாவற்றுக்கும் கணக்கு. கிழித்துவிட்டேன்.

நீ முடிவு பண்ணு. நான் அந்தக் காரில் இல்லை. நாலாவது வளைவில் முன்பக்கம் என்ன சொல்கிறது என்று உன் கைக்குத்தான் தெரியும். பன்னிரண்டாவது தளத்திலிருந்து எனக்குத் தெரியாது.

இரண்டே விதி. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். மாற்றியதும் காலை எடுத்துப் பார், அதற்குப் பிறகு நேரத்தைப் பார்.

இந்தக் கடிதம் எழுதுவது என் வாழ்நாளில் செய்த கஷ்டமான வேலை. நம்பு.

தம்பி


ஏப்ரல் 15

அக்கா,

பதில் இல்லை. பதிமூன்றாம் தேதி கடைசிப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது துளையா, இரண்டாவதா? 2 நிமிடம் எத்தனை? டயர் எத்தனை? மாமா போனில் "நல்லா இருக்குப்பா" என்கிறார். நல்லா இருக்கு என்பது ஒரு அளவா? எதில் நல்லா, எத்தனை நல்லா?

இன்று லிஃப்ட்டில் ஒரு கட்டி குறைவாக ஏற்றிவிட்டேன். முதல்முறை. எல்லாரும் சிரித்தார்கள்.

இது சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்தால்: ஒன்றும் எழுத வேண்டாம். தூங்கு.

தம்பி


ஏப்ரல் 21

டேய் ஸ்பேனர்,

அஞ்சாவது.

அஞ்சாவதுடா! 2 நிமிஷம் 3.7. மறுபடி படி. காலையில ஒருத்தருக்குப் பல் சுத்தம் பண்றதா இருந்துச்சு, வேணாம், நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன்.

முதல்ல இருந்து சொல்றேன். பதிமூணாம் தேதி மூணாவது துளைக்கு மாத்தினேன், 2 நிமிஷம் 4.2. உனக்கு எழுதலை. எழுதியிருந்தா நீ போன வருஷத்து ஆறாவது ஆளைவிடக் கூடுதலான அந்தப் பத்தில் ஒரு வினாடியைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்காம இருப்பே, ஏழு பக்கம் அனுப்புவே, நான் அதைப் படிச்சுட்டு டிராக்குல உன் குரலைக் கேட்பேன். எனக்கு காரோட குரல் மட்டும் போதும்னு இருந்துச்சு. கோபப்படாதே.

நேத்து ஒவ்வொருத்தருக்கும் ஆறு சுத்து. நாலாவது சுத்து முடிஞ்சப்போ நான் எட்டாவது. அஞ்சாவதுல ஏழாவது வளைவுக்குள்ள நுழையறேன், முன்னாடி போனவர் ஓரத்து மண்ணை வாரி ரோட்டுல கொட்டிட்டுப் போயிருக்கார். அதே வளைவு, அதே இடம். காலை எடுத்தேன். வால் போச்சு. ஒரு சாண் வெளியே போச்சு. அந்த நேரத்துல, நம்பமாட்டே, நான் பயப்படலை. எதுவரைக்கும் போகும்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஸ்டியரிங்கை இத்தனூண்டு திருப்பினேன், வால் திரும்பி வந்து தன் இடத்துல உட்கார்ந்துச்சு. அந்தச் சுத்து வீணாப்போச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்.

கடைசிச் சுத்துல மண் மேல சக்கரம் படாம அரை அடி உள்ளே பிடிச்சு, காலை எடுக்காம போனேன். நாலாவது வளைவுல கூப்பிட்டதும் வந்துச்சு. நீ செய்யணும்னு நினைச்ச கார் அது. நான் ஓட்டற மாதிரி.

பலகையில பேர் வந்ததும் உன் மாமா தொப்பியைத் தூக்கிப் போட்டார், அது வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்து இன்னும் அங்கேதான் இருக்கு. அலைன்மென்ட் அண்ணன், "பெரியவர் எங்கே, கத்தறதுக்கு ஆளே இல்லையே"ன்னு கேட்டார். உன்னைத்தான்.

விஷயம் இதுதான். தேர்வான ஆறு பேருக்கும் மே 11 ஒரு நாள் முழுக்க டிராக்கைத் திறந்துவிடறாங்க. பக்கத்து சீட்டுல ஒருத்தரை ஏத்திக்கலாம். ஹெல்மெட் மட்டும் போதும். கண் பரிசோதனை கிடையாது, ரெண்டு தடவை கேட்டு வச்சிருக்கேன்.

இன்னிக்குக் காலையில காரைத் தராசுல ஏத்தினேன். நான் 54. என் பக்கத்து சீட்டுல மூட்டை கட்டி வச்சேன், 82. மொத்தம் 1196. குறுக்கே 598, 598. மூட்டை மேல உன் பேரை எழுதியிருக்கேன்.

ஏழாவது வளைவுல நான் காலை எடுக்கறதா இல்லை. கத்தணும்னா கத்திக்கோ.

அக்கா

உன் நம்பரை இன்னும் பிளாக்லதான் வச்சிருக்கேன். கடிதத்துல நீ நல்ல பையனா இருக்கே.


ஏப்ரல் 26

அக்கா,

நிறுத்து. காரைத் தொடாதே. 82 தப்பு.

அது பிப்ரவரி எடை. இங்கே சமையற்காரர் இரண்டாவது தட்டு போடாமல் யாரையும் எழுந்திருக்க விடமாட்டார். உன் கடிதம் வந்ததும் லிஃப்ட் தராசில் ஏறிப் பார்த்தேன். ஷூ இல்லாமல் 86. மூன்று தடவை பார்த்தேன். மொத்தம் 1200 வரும், குறுக்கே 600, 600. மறுபடி போட வேண்டும்.

இங்கே லீவு கேட்கவில்லை, வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மே பத்தாம் தேதி காலை முதல் பஸ்ஸில் வந்து நேரே ஷெட்டுக்கு வருகிறேன். தராசை எடுத்து வை. அண்ணனையும் மாமாவையும் வரச் சொல்.

மூட்டையை இறக்கிவிடு. நானே உட்காருகிறேன்.

தம்பி